ஆறு பயிற்சியாளர்கள், ஒரே ஒன்பதாம் இடம்

கொல்கத்தாவில் டெர்பிக்கு மறுநாள் காலை தேநீர்க் கடைகளில் நடைபெறும் விவாதத்தை ஒருமுறையேனும் கேட்டவர்கள் அதன் போக்கை அறிவார்கள். ஈஸ்ட் பெங்கால் வென்றிருந்தால் மீன் சந்தையில் இலிஷ் மீனுக்கு மவுசு கூடும். மோகன் பகான் வென்றிருந்தால் இறாலுக்கு. பிரிவினைக்கு முன்னும் பின்னும் கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களான ‘பாங்கால்’களும், மேற்கு வங்கத்தின் மண்ணின் மக்களான ‘கோட்டி’களும் எதிரெதிர் அணிகளாக நிற்பது நூற்றாண்டு வழக்கம். (நெல்லைத் தமிழில் ‘கோட்டி’ என்னும் சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு. டெர்பி நாளில் அப்பொருள் இரு தரப்பாருக்கும் பொருந்தும்.) தோற்ற அணியின் ரசிகர்கள் முதல் குவளை தேநீரில் தடுப்பாட்டத்தைக் குறைகூறுவார்கள், இரண்டாம் குவளையில் நடுவரை. மூன்றாம் குவளைக்கு முன்பாகவே விவாதம் தன் வழக்கமான முடிவை எட்டிவிடும்: பயிற்சியாளர் போக வேண்டும்.

இத்தீர்ப்பு எத்தனை முறை நிறைவேற்றப்பட்டிருக்கிறது, அதனால் விளைந்தது என்ன என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க ஈஸ்ட் பெங்கால் கழகத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இந்தியாவில் இல்லை. 2020இல் இந்தியன் சூப்பர் லீக்கில் நுழைந்தது முதல் ஐந்து பருவங்களில் அக்கழகம் ஆறு முழுநேரப் பயிற்சியாளர்களைக் கண்டது. ராபி ஃபௌலர், மனோலோ டியாஸ், மரியோ ரிவேரா, ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், கார்லஸ் குவாட்ராத், ஆஸ்கர் புருசோன். இடைக்காலப் பொறுப்பாளர்கள் இக்கணக்கில் சேரவில்லை. அவ்வைந்து பருவங்களின் இறுதியில் அணி பெற்ற இடங்கள்: ஒன்பது, பதினொன்று, ஒன்பது, ஒன்பது, ஒன்பது.

லிவர்பூலின் புகழ்பெற்ற முன்கள வீரர் வந்தபோதும் ஒன்பது. இந்திய அணியை 2019 ஆசியக் கோப்பைக்கு அழைத்துச் சென்றவர் வந்தபோதும் ஒன்பது. பெங்களூருவுக்குச் சூப்பர் லீக் கோப்பையை வென்று தந்தவர் வந்தபோதும் ஒன்பது. நாற்காலியில் அமர்பவர் எவராயினும் நாற்காலி அதே இடத்திலேயே இருந்திருக்கிறது.

ஆயினும் இடங்களை மட்டும் பார்ப்பதும் முழுமையான பார்வை ஆகாது. புள்ளிகளைப் பார்க்க வேண்டும். முதல் பருவத்தில் 20 ஆட்டங்களில் 17 புள்ளிகள், அடுத்ததில் அதே 20 ஆட்டங்களில் 11, மூன்றாவதில் 19, நான்காவதில் 22 ஆட்டங்களில் 24, ஐந்தாவதில் 24 ஆட்டங்களில் 28. ஆட்டத்துக்கு இத்தனை புள்ளி என்று வகுத்துப் பார்த்தால், இரண்டாம் பருவத்தில் விழுந்த அணி அதன்பின் மெதுவாக, ஆனால் தொடர்ந்து ஏறியிருப்பது விளங்கும். ஒன்பதாம் இடம் என்னும் ஒற்றைச் சொல் அந்த ஏற்றத்தை மறைத்துவிட்டது. ரசிகர் விவாதமும் மறைத்தது.

இந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் தேடுவோர் பயிற்சியாளர்களின் பெயர்ப் பட்டியலை ஒருபுறம் வைத்துவிட்டு நாட்காட்டியைப் பார்ப்பது நலம். 2020இல் ஈஸ்ட் பெங்கால் லீக்கில் சேர்வது அறிவிக்கப்பட்ட நாள் செப்டம்பர் 27. ஃபௌலர் நியமிக்கப்பட்டது அக்டோபரில். லீக் தொடங்கியது நவம்பர் 20இல். ஏறத்தாழ எட்டு வாரங்களில், பெருந்தொற்றுக் காலத்தில், ஓர் அணியை ஒன்றுமில்லாமையிலிருந்து உருவாக்க வேண்டியிருந்தது. நல்ல இந்திய வீரர்கள் அனைவரும் அதற்குள் வேறு கழகங்களில் ஒப்பந்தமாகியிருந்தார்கள்.

அடுத்த ஆண்டு நிலைமை இன்னும் மோசம். முதலீடு செய்த நிறுவனத்துக்கும் கழக நிர்வாகத்துக்கும் இடையே இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது பற்றிய சச்சரவு கோடைக்காலம் முழுவதையும் விழுங்கியது. மாநில முதலமைச்சர் தலையிட்ட பிறகே, ஆகஸ்டு இறுதியில், முதலீட்டு நிறுவனம் அப்பருவத்துக்குத் தொடர இசைந்தது. செப்டம்பரில் டியாஸ் வந்தார். எட்டு ஆட்டங்களில் ஒரு வெற்றியும் இல்லை. டிசம்பர் இறுதியில் வெளியேறினார். ரிவேரா பொறுப்பேற்றதும் கோவா அணிக்கு எதிராக முதல் வெற்றி கிடைத்தது. “பார்த்தீர்களா, பயிற்சியாளரை மாற்றியதும் வெற்றி” என்ற குரல்கள் எழுந்தன. அப்பருவம் முழுவதற்கும் அதுவே ஒரே வெற்றியாக இருந்தது. அணி கடைசி இடத்தில் முடித்தது.

2022இல் புதிய முதலீட்டாளருடன் ஒப்பந்தம் கையெழுத்தானது ஆகஸ்டு தொடக்கத்தில். அதே மாதம் டூரண்ட் கோப்பை, அக்டோபரில் லீக். இதற்கு மாறாக, 2023இல் குவாட்ராத் ஏப்ரல் மாதமே நியமிக்கப்பட்டார். வீரர்களைத் தேர்ந்தெடுக்கவும் பழக்கவும் ஒரு கோடைக்காலம் முழுமையாகக் கிடைத்தது. அந்த ஆகஸ்டில், சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர் வலப்புறத்திலிருந்து உள்நோக்கி வெட்டி இடக்காலால் அடித்த கோல், நான்கரை ஆண்டுகளாக டெர்பி வெற்றியையே காணாதிருந்த கழகத்துக்கு அவ்வெற்றியைத் தந்தது. 2024 ஜனவரியில் ஒடிசா அணியைக் கூடுதல் நேரத்தில் 3-2 என வீழ்த்திக் கலிங்கா சூப்பர் கோப்பையையும் வென்றார்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் கழகம் பெற்ற முதல் தேசியக் கோப்பை அது. குவாட்ராத்தின் திறமையை இங்கு எவரும் மறுக்க முடியாது. ஆனால் அவருக்குக் கிடைத்து முன்னவர்களுக்குக் கிடைக்காத ஒன்று இருந்தது. ஐந்து மாதக் கால அவகாசம்.

எட்டே மாதங்களில் அதே குவாட்ராத் வெளியேறினார். 2024-25 பருவத்தின் முதல் மூன்று லீக் ஆட்டங்களிலும் தோல்வி. மைதானத்தில் எழுந்த முழக்கங்களுக்கு அவரும் கழகமும் அடிபணிந்தார்கள். அவர் சென்ற பின்னும் அடுத்த மூன்று ஆட்டங்களில் அணி தோற்றது. அவற்றுள் ஒன்று டெர்பி. தோற்ற ஆட்டங்கள் ஆறு என்னும் கணக்கைச் சொல்லும்போது அதில் பாதி அவர் இல்லாதபோது நிகழ்ந்தது என்பதைப் பலர் சொல்வதில்லை.

பயிற்சியாளரை மாற்றுவதால் அணி முன்னேறுகிறதா என்னும் கேள்வியைப் பொருளியலாளர்கள் முறையாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் முதல்நிலை லீக்கில் ஏறத்தாழ இருபதாண்டுக் கால ஆட்டங்களை எடுத்துக்கொண்டு பாஸ் டெர் வீல் செய்த ஆய்வு இதில் பெரிதும் பேசப்படுவது. தொடர் தோல்விக்குப் பின் பயிற்சியாளரை நீக்கிய அணிகளையும், அதே அளவு தோல்வி கண்டும் நீக்காமல் பொறுத்திருந்த அணிகளையும் அவர் ஒப்பிட்டார். இரு வகை அணிகளும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் மீண்டெழுந்தன. ஓர் அணி தன் இயல்பான திறனுக்குக் கீழே சரியும்போதுதான் பயிற்சியாளர் நீக்கப்படுகிறார். சரிந்தது எப்படியும் ஓரளவு மேலே வரும். புதியவர் அப்போது அங்கே நின்றுகொண்டிருப்பதால் மாலை அவர் கழுத்தில் விழுகிறது. காய்ச்சல் தானே தணியும் நாளில் வந்து சேர்ந்த மருத்துவரைக் கைராசிக்காரர் என்று ஊரார் கொண்டாடுவதைப் போன்றது இது.

ஆனால் இந்த ஆய்வை எடுத்துக்கொண்டு பயிற்சியாளர் யாராக இருந்தாலும் ஒன்றே என்று வாதிடுவதும் பிழை. ஆய்வு கூறுவது சராசரியைப் பற்றி. 2024 அக்டோபரில் பொறுப்பேற்ற புருசோன், பூட்டானில் நடைபெற்ற ஆசிய சேலஞ்ச் லீக் குழு ஆட்டங்களில் வங்கதேசத்தின் பசுந்தரா கிங்ஸ் அணியை 4-0 என்றும் லெபனானின் நெஜ்மே அணியை 3-2 என்றும் வென்று காலிறுதிக்கு அழைத்துச் சென்றார். பசுந்தரா அவர் ஆண்டுக்கணக்கில் பயிற்றுவித்த அணி. அதன் வலுவும் பலவீனமும் அவருக்கு மனப்பாடம். அங்கே பயிற்சியாளரின் அறிவு நேரடியாகக் கோலாக மாறியது. எனினும் அதே மனிதர், அதே பருவத்தில், லீக்கில் ஒன்பதாம் இடத்தைத் தாண்ட முடியவில்லை. காயமுற்ற வீரருக்குப் பதில் இறக்குவதற்குத் தகுதியான இந்திய வீரர் அணியில் உண்டா இல்லையா என்பது, நவம்பரில் பயிற்சிக் களத்தில் நிற்பவரைவிட மே மாதத்தில் காசோலையில் கையெழுத்திட்டவரையே பெரிதும் பொறுத்தது. இங்கிலாந்தில் ‘மேலாளர்’ என்று வழங்கும் பதவிக்கும் இந்தியக் கழகங்களில் ‘தலைமைப் பயிற்சியாளர்’ என்று வழங்கும் பதவிக்கும் அதிகாரத்தில் உள்ள தொலைவு பெரிது. ஆங்கில லீக்கைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த தலைமுறை, அங்குள்ள மேலாளரின் பொறுப்பு முழுவதையும் இங்குள்ள பயிற்சியாளரின் தோளில் ஏற்றிவிடுகிறது. அதிகாரத்தை மட்டும் எவரும் ஏற்றுவதில்லை.

இங்கேயும் ஒரு காலத்தில் பயிற்சியாளரைப் பற்றிய விவாதம் உண்மையாகவே கால்பந்தைப் பற்றிய விவாதமாக இருந்தது. 1997 ஜூலை 13இல் சால்ட் லேக் மைதானத்தில் நடந்த ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியை நினைவுகூரலாம். மோகன் பகானுக்கு அமல் தத்தா; ஈஸ்ட் பெங்காலுக்கு பி.கே. பானர்ஜி. அமல் தத்தா தமது ‘டைமண்ட்’ வியூகத்தால் அந்தத் தொடரில் எதிரணிகளைத் திணறடித்திருந்தார். ஆட்டத்துக்கு முன் எதிரணி வீரர்களின் பெயர்களைத் திரித்துக் கேலி பேசினார். சம்மி ஒமோலோ ‘ஆம்லெட்’ ஆனார், பாய்ச்சுங் பூட்டியா ‘சுங் சுங்’ ஆனார். பி.கே. பதில் பேசவில்லை, அந்தக் கேலிகளையே தம் வீரர்களுக்கு மருந்தாகப் புகட்டினார். ‘வோக்கல் டானிக்’ என்று வங்காளம் முழுதும் பெயர்பெற்ற அவரது பேச்சுக் கலைக்கு அதைவிடத் தோதான தருணம் வாய்த்ததில்லை. 1,31,781 பேர் பார்த்திருக்க ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது. பூட்டியா மூன்று கோல்கள் அடித்தார்.

அதன்பின் பல வாரங்கள் நடந்த விவாதத்தில், பக்கவாட்டுத் தடுப்பாட்டக்காரர்கள் அவ்வளவு முன்னேறலாமா, பந்தை இழந்த பின் பின்புறத்தில் விடப்படும் வெளியை யார் அடைப்பது என்பவையெல்லாம் பேசப்பட்டன. அந்த வியூகம் தத்தாவின் சொந்தச் சிந்தனை; அதன் வெற்றிக்கும் சரிவுக்கும் அவரே உரியவர். இருவரும் இந்நகரத்தில் வாழ்ந்தவர்கள். தோற்ற பின்னும் இங்கேயே இருந்தார்கள். தெருவில் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பழங்காலம் பொற்காலம் என்று இதனால் ஆகிவிடாது. 1980 ஆகஸ்டு 16இல் ஈடன் கார்டனில் இதே இரு அணிகளின் ஆட்டத்தின்போது மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் பதினாறு ரசிகர்கள் மாண்டார்கள். அந்த வெறியும் அதே காலத்துக்கு உரியதே.

இன்றைய பயிற்சியாளர் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தத்தில் வருகிறார், பெரும்பாலும் ஸ்பெயினிலிருந்து. தாம் தேர்ந்தெடுக்காத வீரர்களை, தாம் தீர்மானிக்காத அட்டவணையில், தாம் அறியாத ஈரப்பதத்தில் ஆட வைக்கிறார். தோற்றால் செய்தியாளர் சந்திப்பில் அமர்பவரும் அவரே. முதலீட்டாளரின் முகத்தை ரசிகர் பார்ப்பது கோப்பை வாங்கும் நாளில் மட்டும்தான். ஆகவே ரசிகரின் சினம் கண்ணுக்குத் தெரியும் ஒரே கதவைத் தட்டுகிறது. இதை அறியாமை என்று இகழ்வதற்கில்லை. தட்டுவதற்கு வேறு கதவு வைக்கப்படவில்லை.

அப்படியிருந்தும் ரசிகர்கள் சரியான கதவைக் கண்டுபிடித்துத் தட்டிய தருணங்கள் அண்மைக் காலத்தில் உண்டு. 2021 ஜூலை 21இல் ஈஸ்ட் பெங்கால் கழக வாயிலில் ரசிகர்கள் திரண்டது எந்தப் பயிற்சியாளருக்கும் எதிராக அன்று. ஒப்பந்தம் ஏன் கையெழுத்தாகவில்லை என்பதே அவர்களது கேள்வி. நிர்வாகத்தின் பக்கம் ஒரு கூட்டம், எதிர்ப்பக்கம் ஒரு கூட்டம் எனப் பிளவுபட்டு மோதினார்கள். காவல்துறை தடியடி நடத்தியது. அடிபட்டவர்கள் கேட்ட கேள்வியே அப்பருவத்தின் சரியான கேள்வி என்பதைப் பின்னர் வந்த பதினொன்றாம் இடம் காட்டியது.

மோகன் பகான் ரசிகர்களின் போராட்டம் இதைவிட நெடியது. 2020இல் அக்கழகத்தின் கால்பந்துப் பிரிவு ஏ.டி.கே. அணியோடு இணைந்தபோது, 1889இல் தோன்றிய பெயருக்கு முன்னால் ஆறு வயதுகூட நிரம்பாத ஒரு பெயர் ஒட்டப்பட்டது. ‘ஏ.டி.கே.வை நீக்கு’ என்னும் முழக்கம் அணி வென்றபோதும் ஓயவில்லை. இதுவே கவனிக்கத் தக்கது. வெற்றியால் வாயடைக்க முடியாத கோரிக்கை அது. 2023 மார்ச்சில் சூப்பர் லீக் கோப்பையை வென்ற இரவில் உரிமையாளர் சஞ்சீவ் கோயங்கா பெயர் மாற்றத்தை அறிவித்தார். எந்தப் பயிற்சியாளரின் பதவி நீக்கமும் தராத நிலையான பயனை அப்போராட்டம் தந்தது.

கொச்சியிலும் ஏறத்தாழ இதே கதை. கேரளா பிளாஸ்டர்ஸ் மூன்று முறை இறுதிப் போட்டியில் தோற்று ஒரு கோப்பையும் இன்றி இருக்கும் அணி. இவான் வுகோமனோவிச் சென்ற பின் வந்த மிக்கேல் ஸ்டாரே பன்னிரண்டு லீக் ஆட்டங்களில் 11 புள்ளிகளோடு 2024 டிசம்பரில் நீக்கப்பட்டார். ஆனால் மஞ்சப்படை ரசிகர் அமைப்பு அதே காலத்தில் வெளிப்படையாகக் குறிவைத்தது பயிற்சியாளரை அன்று, நிர்வாகத்தை. நுழைவுச் சீட்டு விற்பனையில் இனிப் பங்கேற்பதில்லை என அவர்கள் அறிவித்தார்கள். ரசிகர் ஆலோசனைக் குழு ஒன்றை அமைப்பதாகக் கழகம் இறங்கி வந்தது. ஆலோசனை என்னும் சொல்லின் எல்லை அனைவருக்கும் தெரிந்ததே; எனினும் முன்பு அந்த அறையில் நாற்காலியே இருந்ததில்லை.

பயிற்சியாளர் சிறந்தவராக இருந்தால் எல்லாம் நலமாகும் என்னும் நம்பிக்கைக்கு மறுப்பு தமிழ்நாட்டிலேயே உண்டு. 2018-19 ஐ-லீக் பருவத்தில் கோயம்புத்தூரைத் தளமாகக் கொண்ட சென்னை சிட்டி அணி, சிங்கப்பூரின் அக்பர் நவாஸ் பயிற்சியில், அதே ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்திச் சாம்பியனானது. கடைசி நாளில் கோவையில் மினர்வா பஞ்சாபை 3-1 என வென்ற அந்த மாலையை மறந்தவர்கள் இருக்க மாட்டார்கள். சில ஆண்டுகளுக்குள் அக்கழகம் தேசிய லீக்குகளிலிருந்தே மறைந்துபோனது. களத்தில் நிகழ்ந்த எந்தத் தோல்வியும் அதை வீழ்த்தவில்லை. புள்ளி ஒன்றால் பட்டத்தை இழந்த ஈஸ்ட் பெங்கால் பயிற்சியாளர் அலெஹாந்திரோ மெனெண்டஸோ, அடுத்த பருவத்தின் நடுவிலேயே, டெர்பி தோல்விக்குப் பின் விலகினார். அவரும் ஒருகாலத்தில் ‘போக வேண்டியவர்’ ஆனவரே. இன்று பல ரசிகர்கள் அவரை ஏக்கத்தோடு நினைவுகூர்கிறார்கள்.

2025 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக்கே நிறுத்தி வைக்கப்பட்டது. கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இடையே 2010இல் கையெழுத்தான உரிமை ஒப்பந்தம் அவ்வாண்டு டிசம்பரோடு முடிவடைய இருந்தது. அதன்பின் என்ன என்பதில் தெளிவு இல்லை. சில கழகங்கள் வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஊதியத்தை நிறுத்தின. அந்த மாதங்களில் நீக்குவதற்குப் பயிற்சியாளர் யாரும் அகப்படவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே எந்த நாளில் முடியும் என்று எழுதி வைக்கப்பட்டிருந்த ஒப்பந்தம் அது. அந்த நாளைப் பற்றிய பேச்சு, ரசிகர் விவாதங்களில் அது நெருங்கிவந்து தலையில் இடிக்கும்வரை எழவே இல்லை.

ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் இன்றளவும் உறுப்பினர்களைக் கொண்ட கழகங்கள். கால்பந்து அணியின் பெரும்பங்கு நிறுவனங்களின் கைக்குச் சென்றுவிட்ட போதிலும், கழக நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு உறுப்பினரிடமே இருக்கிறது. அந்தத் தேர்தல்களில் நிற்போரிடம் முதலில் கேட்க வேண்டியவை எளிய கேள்விகள்: முதலீட்டாளருடன் செய்த ஒப்பந்தம் எப்போது முடிகிறது? அதன் நகல் உறுப்பினருக்குக் காட்டப்படுமா? அடுத்த பருவத்துக்கான வீரர் சேர்ப்புக்கு யார், எந்த மாதத்தில் ஒப்புதல் தருவார்? இவற்றுக்கு விடை கிடைத்த பிறகு, புருசோன் இரண்டாம் பாதியில் ஏன் அவ்வளவு பிந்தி மாற்றாட்டக்காரரை இறக்கினார் என்பதை மூன்றாம் குவளைத் தேநீரோடு தாராளமாகப் பேசலாம்.